சாத்தையாறு அணையில் ஒரு வருடம்: உயிரினங்களை எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி இது: "பாலமேடு பக்கம் இருக்கிறேன், கல்லூரியில் படிக்கிறேன். சாத்தையாறு அணை சைக்கிளில் போகிற தூரம்தான். ஒரு வருடம் முழுக்க அங்கே வரும் பறவை, விலங்கு, பூச்சி எல்லாவற்றையும் முறையாகப் பதிவு செய்ய ஆசை. ஜனவரி ஒன்றாம் தேதி தொடங்கலாமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை போக வேண்டும், எதையெல்லாம் எழுத வேண்டும்? நல்ல கேமரா இல்லாமல் முடியுமா?"

ஜனவரியில் தொடங்க வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். நம் பக்கத்து அணைக்கும் கண்மாய்க்கும் வருடம் தை மாதத்தில் பிறப்பதில்லை. ஆடியில் காய்ந்து கிடக்கும். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை அணைக்கு மேலே இருக்கும் சிறுமலையில் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் ஓடைகள் பெருகி அணைக்குத் தண்ணீர் வரும். மார்கழி, தையில் பறவைகள் உச்சத்தில் இருக்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கும், சித்திரையில் மறுபடி வெடித்த தரை. ஜனவரியில் தொடங்கினால் தண்ணீர் வந்த கதையைத் தவறவிட்டு, பறவைகள் வந்து சேர்ந்த பிறகு உள்ளே நுழைவீர்கள். ஜூலை கடைசியில், ஒன்றுமே இல்லை என்று ஊர் சொல்லும்போது தொடங்கி அடுத்த ஜூலையில் முடியுங்கள்.

அடுத்தது, இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது: ஒவ்வொரு முறை போகும்போதும் நோட்டில் முதல் வரி தண்ணீருக்கு. பறவை அதற்கு அப்புறம்தான்.

ஏன் என்றால், மார்ச் மாதம் நீங்கள் ஒரே இடத்தில் இருநூறு கொக்கும் நாரையும் எண்ணுவீர்கள். டிசம்பரில் எண்ணியபோது இருபதுதான் இருந்திருக்கும். மார்ச்சில் பறவை பெருகிவிட்டது என்று தோன்றும். நடந்தது வேறு. டிசம்பரில் அணை நிரம்பிக் கரையோரம் வரை ஆழம், கொக்குக்குக் கால் ஊன்ற இடமில்லை. சுற்றிலும் வயல், ஊருணி, சின்னக் கண்மாய் எல்லாவற்றிலும் தண்ணீர் இருந்ததால் பறவைகள் பரவிக் கிடந்தன. மார்ச்சில் மற்றதெல்லாம் வற்ற, மிச்சமிருந்த ஒரு குட்டையில் மீனும் ஒடுங்கியது, பறவையும் கூடியது. தண்ணீர் அளவை எழுதாமல் பறவை எண்ணிக்கையை மட்டும் எழுதிவைத்தால், பத்து வருடம் கழித்து அதைப் படிப்பவர் தலைகீழான முடிவுக்கு வருவார்.

மதுரைக்குத் தெற்கே ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்த ஒருவரிடம் கூழைக்கடா எங்கே போனது என்று கேட்டேன். "அந்தப் பெரிய மூக்குக்காரன் நேத்தே கிளம்பிட்டான் சார். தண்ணி இடுப்பளவுக்கு இறங்குன அன்னைக்கு வந்தான், மீனு முடிஞ்சதும் போயிட்டான்" என்றார். இடுப்பளவு என்று அவர் சொன்னதைத்தான் நாம் எண்ணாக எழுத வேண்டும்.

எப்படி அளப்பது? மதகுப் பக்கம் அடிக்கணக்கு எழுதிய அளவுகோல் கண்ணுக்குத் தெரிந்தால் அதைக் குறியுங்கள். தெரியாவிட்டால் கரையில் நிரந்தரமான மூன்று அடையாளங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பாறை, ஒரு கருவேல மரம், ஒரு படிக்கட்டு. தண்ணீர் பாறையைத் தொடுகிறதா, மரத்தின் அடியில் நிற்கிறதா, எட்டப் போய்விட்டதா என்று எழுதினால் போதும். கூடவே ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், செல்போனில் ஒரு படம். வருடக் கடைசியில் அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால் அணை நிரம்பி வற்றியது அப்படியே தெரியும். இந்த வேலைக்கு உங்கள் போனே தாராளம்.

தண்ணீரோடு சேர்த்து, மனிதர்கள் அங்கே செய்ததையும் ஒரு வரி எழுதுங்கள். மதகு திறந்தார்கள், வலை போட்டார்கள், வண்டல் அள்ளினார்கள், சீமைக்கருவேலம் வெட்டினார்கள், மீன்பிடித் திருவிழா நடந்தது. நம் பக்கம் வெயில் காலத்தில் ஊரே இறங்கி மீன் பிடிக்கும் நாளுக்கு மறுநாள் போய்ப் பாருங்கள், நேற்றிருந்த நாரைக் கூட்டத்தில் நாலைந்துதான் நிற்கும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பறவைகள் ஏன் காணாமல் போயின என்று எவருக்கும் புரியாது.

சரி, எத்தனை நாளுக்கு ஒருமுறை? வாரம் ஒருமுறை போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பத்து நாளுக்கு ஒருமுறை. தினமும் போவேன் என்று தொடங்குபவர்கள் தீபாவளிக்குள் நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பரீட்சை, கல்யாணம், காய்ச்சல் எல்லாம் வரும். அவற்றையும் தாண்டி ஒரு வருடம் ஓடக்கூடிய வேகத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். எப்போது போனாலும் அதே வழி, அதே நேரம். விடிந்து அரை மணிக்குள் தொடங்கி ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கரை மேல் நடந்து, நின்று பார்க்கும் இடங்கள் நான்கைந்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி பாதையை அமைப்பது முக்கியம். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான்.

தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பேர் போனீர்கள், வானம் எப்படி இருந்தது என்பதையும் குறியுங்கள். ஒன்றுமே பார்க்காத நாளையும் விடாமல் எழுதுங்கள். சித்திரை வெயிலில் காய்ந்த அணைக்குப் போய், "நீர்ப்பறவை எதுவும் இல்லை" என்று எழுதி வருவது வீண் வேலை இல்லை. எந்த வாரத்திலிருந்து இல்லை, எந்த வாரத்தில் முதலில் திரும்பி வந்தது என்பதை அந்தப் பூஜ்யங்கள்தான் சொல்லும். முதலில் வந்த தேதியைக் குறிக்க எல்லாருக்கும் ஆசை. கடைசியாகப் பார்த்த தேதியை எழுதுவதற்கு, பிறகும் போய் இல்லை என்று பார்த்திருக்க வேண்டும்.

எண்ணுவதைப் பற்றி. ஐம்பதுக்குள் இருந்தால் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அதற்கு மேல் போனால் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் பார்த்து, அப்படி எத்தனை பத்து என்று நகர்த்திக்கொண்டே போங்கள். இரண்டு முறை எண்ணிப் பாருங்கள். "நிறைய", "ஏராளம்" என்று எழுதாதீர்கள். தோராயமாகவாவது ஒரு எண் வேண்டும். சேற்றோரம் மேயும் சின்னப் பறவையான உள்ளானில் எந்த வகை என்று தெரியாவிட்டால், "உள்ளான் வகை" என்று எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. பொரி உள்ளானா பச்சைக்கால் உள்ளானா என்று அனுபவசாலிகளே தூரத்தில் தயங்குவார்கள். தயக்கத்தோடு ஒரு பெயரைப் போட்டுவிட்டால் அது பட்டியலில் உண்மையாக உட்கார்ந்துவிடும்.

சாதாரணப் பறவையை எண்ணாமல் விட்டுவிட்டு அபூர்வத்தைத் தேடி ஓடுவது இந்த வேலையைக் கெடுக்கும். மடையான், உண்ணிக்கொக்கு, முக்குளிப்பான், நீர்க்காகம், தவிட்டுக்குருவி, காகம், மயில் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு முறையும் எண் வேண்டும். தவிர, இவற்றிலேயே வருடம் எழுதியிருக்கிறது. குளிர்காலத்தில் முழு வெள்ளையாகத் திரியும் உண்ணிக்கொக்குக்கு வெயில் காலம் முற்றும்போது தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகும். மண் நிறத்தில் ஒடுங்கி நிற்கும் மடையானுக்கு முதுகில் கருஞ்சிவப்புப் போர்வை வரும். நீளவால் இலைக்கோழி மழைக்காலத்தில் நீண்ட கறுப்பு வாலும் பொன்னிறப் பிடரியுமாக இருக்கும், குளிர்காலத்தில் வாலை உதிர்த்துவிட்டு அடையாளமே தெரியாமல் அல்லி இலை மேல் நடக்கும். "மடையான் 14, அதில் 3 நிறம் மாறியவை" என்று எழுதிப் பழகுங்கள். அந்த மூன்று என்ற எண்ணுக்காகவே உங்கள் நோட்டைத் தேடி வருவார்கள்.

இனி எந்தக் காலத்தில் எதைக் கவனிப்பது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

மழை தொடங்கும்போது பறவையை விட்டுத் தரையைப் பாருங்கள். முதல் நல்ல மழைக்கு மறுநாள் காலையில் ஓடை சேரும் பள்ளங்களில் பெரிய தவளைகள் கூடும். ஆண் தவளை எலுமிச்சை மஞ்சளாகவும், கத்தும்போது உப்பும் பைகள் நீலமாகவும் இருக்கும். ஓரிரு நாளில் அந்த நிறம் மங்கிவிடும், அதனால் அன்றைக்கே போக வேண்டும். ஈசல் கிளம்பும் சாயங்காலம், அதைத் தின்ன எத்தனை வகைப் பறவை கூடுகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். தட்டான்கள் கூட்டமாகத் தலைக்கு மேல் சுற்றும் நாட்களையும் குறியுங்கள். அவற்றில் ஒரு வகை இந்தியப் பெருங்கடலையே தாண்டிப் போகக்கூடியது. வடகிழக்குப் பருவமழையையொட்டிப் பட்டாம்பூச்சிகள் மேற்கு நோக்கிச் சாரை சாரையாகப் போவதும் உண்டு. அப்படிப் பார்த்தால் ஒரு கம்பத்தைக் குறிவைத்து, ஐந்து நிமிடத்தில் அதைக் கடப்பவை எத்தனை, எந்தத் திசை என்று எண்ணுங்கள். ஆயிரக்கணக்கில் போயின என்று எழுதுவதை விட அது நூறு மடங்கு மேல்.

இதே சமயத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகளும் தொங்கும், தண்ணீர் மேல் சாய்ந்த மரமாகவோ பனையாகவோ பார்த்துத்தான் கட்டும். ஆண் பாதிக் கூடு கட்டி நிறுத்தி, பெண் வந்து பார்த்து ஒத்துக்கொண்ட பிறகுதான் மீதியை முடிக்கும். அதனால் ஒரு மரத்தில் பாதிக் கூடு எத்தனை, நீளக் குழலோடு முடிந்த கூடு எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள்.

செப்டம்பர் கடைசியிலிருந்து மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசை கட்டும். வலசை வாத்துகளில் நீலச்சிறகி முந்திவரும், ஊசிவால் வாத்து பிறகு வரும். இவை தலைகீழாகக் கவிழ்ந்து மேய்பவை, ஆழம் குறைந்த ஓரம் வேண்டும். அணை விளிம்பு வரை நிரம்பியிருந்தால் நடுத் தண்ணீரில் தூங்கிக்கொண்டிருக்கும், இரவில் வேறெங்கோ மேயப் போகும். அதையும் எழுதுங்கள்: மேய்கிறதா, தூங்குகிறதா. மீன் பிடிக்கும் கழுகான விரால் அடிப்பான் ஒன்று வந்தால் எந்த மரத்தில் உட்கார்கிறது என்று குறித்துவையுங்கள், பெரும்பாலும் அதே மரத்துக்குத்தான் திரும்பும். சூறைக்குருவிகள் சாயங்காலம் கூட்டமாக அடையும் இடம் பக்கத்தில் இருந்தால் மாதம் ஒருநாள் மாலையிலும் போங்கள்.

தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களைக் குளிர்காலத்தில் தனியாகக் கவனிக்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் அப்படிப்பட்ட மரங்களில்தான். அந்தப் பறவைகளுக்காகப் பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. உங்கள் அணையில் ஒரே ஒரு நீர்க்காகக் கூடு வந்தாலும் அது பெரிய செய்தி. ஆனால் எட்ட நின்று பாருங்கள். தாய்ப்பறவை எழுந்துவிட்டால் காகத்துக்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

தண்ணீர் இறங்கும் மாசி, பங்குனிதான் எனக்குப் பிடித்த காலம். சேறு வெளியே வரும். சேற்று ஓரத்தில் குனிந்து பாருங்கள். நத்தை ஓடுகள் குவிந்து கிடக்கும், எடுத்துத் திருப்பினால் ஓடு உடையாமல் உள்ளே காலியாக இருக்கும். நத்தை குத்தி நாரை சாப்பிட்ட இடம் அது. மூடிய அலகின் நடுவே இடைவெளி இருக்கிற அந்தப் பறவை, ஓட்டை நொறுக்காமலேயே மூடியை விலக்கிச் சதையை உருவிவிடும். ஒரு சதுர மீட்டரில் எத்தனை காலி ஓடு என்று எண்ணினால், பறவை கிளம்பிய பிறகும் அது வந்துபோனதற்குக் கணக்கு இருக்கும். அதே சேற்றில்தான் இரவில் வந்தவர்களின் தடமும் கிடைக்கும். உடும்பு நடந்தால் கால் தடங்களுக்கு நடுவே வால் இழுத்த கோடு. நரி, கீரி, மயில், முயல் எல்லாம் அங்கே கையெழுத்துப் போட்டிருக்கும். பக்கத்தில் ஒரு பேனாவையோ தீப்பெட்டியையோ வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். சிறுமலை அடிவாரம் என்பதால் இந்தத் தடங்களை அலட்சியப்படுத்தாதீர்கள். பகலில் ஒரு வருடம் அலைந்தாலும் பார்க்க முடியாத விலங்கு விடியற்காலையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கும்.

சித்திரையில் தரை முழுக்கக் காய்ந்ததும் ஆட்காட்டி முட்டை வைக்கும். கூடு என்று ஒன்றும் கிடையாது. சரளைக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம், ஓரத்தில் சில கற்கள், ஆட்டுப் புழுக்கை. அதில் மண் நிறத்தில் கருந்திட்டுகளோடு நான்கு முட்டைகள், கூர்முனை நான்கும் உள்பக்கம் சேர்ந்திருக்கும். உச்சி வெயிலில் பறவை மிச்சமிருக்கும் குட்டைக்குப் போய் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். வெடித்த அணைத் தரையில் ஒன்றும் இல்லை என்று டிராக்டர் இறக்குபவர்களுக்கு இது தெரிய வேண்டும். நீங்கள் அங்கே போகும்போது அடியெடுத்து வைக்கும் இடத்தைப் பார்த்து நடங்கள். கண்ணாடி விரியனுக்கும் அதே தரைதான்.

செயலிகளைப் பற்றிச் சுருக்கமாக. பறவைக்கு ஈபேர்ட், மற்ற எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட். ஈபேர்டில் பட்டியலை முடிக்கும்போது, பார்த்த, கேட்ட எல்லாப் பறவையையும் சேர்த்துவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு உண்மையாக ஆம் என்று சொல்லும்படி எழுதுங்கள், ஆய்வுக்குப் பயன்படுவது அப்படிப்பட்ட முழுப் பட்டியல்தான். மெர்லின் செயலி குரலை வைத்துப் பெயர் சொல்வதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தோ குரலை நன்றாகப் பழகிக்கொண்டோ உறுதி செய்யுங்கள். காகித நோட்டை விட வேண்டாம். தண்ணீர் அளவுக்குச் செயலியில் சரியான கட்டம் கிடையாது. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987-லிருந்து நடக்கிறது. பொங்கலையொட்டித் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு உண்டு. இரண்டு சமயத்திலும் உங்கள் அணைக் கணக்கைச் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. நட்சத்திர ஆமை, தேவாங்கு, எறும்புதின்னி, பருந்துக் கூடு எது கண்ணில் பட்டாலும் சரியான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போடும் படமும் பொதுதான். ஆபத்தில் இருக்கும் பல இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானே மறைத்துக் காட்டும். நோட்டில் முழுதாக எழுதிக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கரையைத் தாண்டிச் சிறுமலைக் காப்புக்காட்டுக்குள் போவதற்கு அனுமதி வேண்டும். அணைக்கரைக்கும் முதல் நாளே அங்கிருக்கும் பணியாளரிடம் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லி வணக்கம் வைத்துவிடுங்கள். ஆடு மேய்ப்பவர்களிடமும் பேசுங்கள். இரண்டு மாதத்தில் "தம்பி, நேத்து ஒரு புதுக் குருவி வந்துச்சு" என்று அவர்களே கூப்பிடுவார்கள்.

கேமரா இல்லாமல் முடியுமா என்றால், தாராளமாக முடியும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி உள்ள பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். அதை விடப் பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் கூடும். சந்தேகமான பறவைக்குப் போனின் கண்ணைப் பைனாகுலரின் கண்ணில் வைத்து ஒரு படம் எடுக்கலாம், மங்கலாக இருந்தாலும் அலகின் வடிவம் தெரிந்தால் போதும். அதுவும் கிடைக்காவிட்டால், புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே பார்த்ததை எழுதிவிடுங்கள்: மடையானை விடப் பெரிதா, கால் நிறம், அலகு நேரா வளைவா, பறக்கும்போது முதுகில் வெள்ளை தெரிந்ததா. புத்தகத்தைப் பார்த்த பிறகு எழுதினால் கண் பார்த்ததும் புத்தகத்தில் இருப்பதும் கலந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டு யாருக்கு என்று வீட்டில் கேட்பார்கள். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியைச் சொல்லுங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டபோது, சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே இருப்பதும், லகர் வல்லூறு போன்ற அரிய வேட்டைப்பறவைகள் இருப்பதும் காரணமாகச் சொல்லப்பட்டன. யாரோ நடந்து, பார்த்து, எழுதிவைத்த பெயர்கள் அவை. 2024-ல் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தபோது ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், ஏலப் பகுதிக்குள் பாரம்பரியத் தலம் இருப்பதும் பேசப்பட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சாத்தையாறுக்கு அப்படி ஒரு நாள் வர வேண்டாம். வந்தால், ஒரு முழு வருடத்துக்கான பட்டியல், தண்ணீர் அளவோடு, தேதியோடு, பூஜ்யங்களோடு கையில் இருக்க வேண்டும்.

ஒரு வருடம் என்பது ஒரு மழைக்காலத்தின் கணக்குதான். அடுத்த வருடம் சிறுமலையில் மழை பொய்த்தால் எல்லாம் மாறும். அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் நீங்கள் நடக்கும் வழியையும், நிற்கும் இடங்களையும், தண்ணீரை அளக்கும் அந்த மூன்று அடையாளங்களையும் வரைபடமாகப் போட்டுவையுங்கள். நீங்கள் வேலை கிடைத்து வெளியூர் போனாலும், பாலமேட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று அதே வழியில் நடந்து எண்ண முடியும்.